பத்துக் கோடிப் பேரின் கருமாதி

'உழைக்கும் எந்த உயிரும் தொழிலாளியே' என்று சட்டத்தில் எழுதினார்கள். எவ்வளவு பெரிய உயிர் என்று எழுத மறந்துவிட்டார்கள். கோயில் யானைக்கும் செங்கல் சூளைக் கழுதைக்கும் ஓய்வு வேண்டுமென்று பதினைந்து வருடம் போராடி வாங்கிய சட்டம் அது. நல்ல சட்டம்தான். யானைக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை கிடைத்தது. கழுதைக்குப் பேறுகால விடுப்பு கிடைத்தது. அதற்கப்புறம் எங்கள் கம்பெனி வக்கீல் நாச்சிமுத்து அந்தச் சட்டத்தை ஒருமுறை நிதானமாக உட்கார்ந்து படித்தார்.

அவர் படித்ததன் விளைவாக, ஒரு புதன்கிழமை காலையில், மண்ணுக்குக் கீழே முப்பதடியில் கிடந்த பாக்டீரியாக்கள் அனைவரும் அமுதவாணி பம்ப்ஸ் கம்பெனியின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆனார்கள். என் அப்பா அதே கம்பெனியில் பத்தொன்பது வருடம் தினக்கூலி. அவரை ஒப்பந்தத்தில்கூட எடுக்கவில்லை.

என் பெயர் தமயந்தி. அந்தக் கம்பெனியில் நுண்ணுயிர்க் கண்காணிப்பாளர். கம்பெனிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற கல்லுக்குழிக் காலனிதான் ஊர். நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் எம்.எஸ்ஸி. படித்தது நான் ஒருத்தி. படித்ததற்காக வேலை கொடுத்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாதிக்கப்பட்ட பகுதியில் ஒருவருக்காவது வேலை தர வேண்டும் என்று கோர்ட் சொன்னது, கொடுத்தார்கள்.

பாதிப்பு என்னவென்றால், மோட்டார் பாகங்களில் ஒட்டியிருக்கும் கிரீஸைக் கழுவ ஒரு திரவம் உண்டு. டிரைக்குளோரோஎத்திலீன். கம்பெனியில் எல்லோரும் 'ட்ரை' என்பார்கள். கழுவி அழுக்கான ட்ரையை நாற்பது வருடம் பின்பக்கக் குழியில் ஊற்றினார்கள். அது தண்ணீரைவிடக் கனம். மிதக்காது, இறங்கும். இறங்கிப் பாறை இடுக்கில் உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து சரிவுப் பக்கம் வரும். சரிவில் யார் குடியிருப்பார்கள்? நாங்கள்தான்.

அப்பாவுக்கு ஈரலில் கட்டி வந்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருசமாக் குடி?"

"குடிக்கறதில்லீங்க" என்றார் அப்பா.

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, 'மதுப்பழக்கம்' என்று எழுதினார். அப்பா ஆயுசில் குடித்ததெல்லாம் எங்கள் தெருப் போர்வெல் தண்ணீர்.

அந்தப் போர்வெல்லை அப்பா போனதற்கப்புறம்தான் மூடிபோட்டுச் சீல் வைத்தார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை லாரித் தண்ணீர். அது குடிக்கவும் சமைக்கவுமே பத்தாது. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுதான். அதிலும் அதே தண்ணீர்தான் ஊறுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

சுத்தம் பண்ணச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போட்டதும், எங்கிருந்தோ ஒரு வகைப் பாக்டீரியாவை டிரம்மில் கொண்டுவந்து மண்ணுக்குள் விட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா கேட்டாள்:

"அந்தப் பூச்சிக வெசத்தத் திங்குதாக்கும்?"

"திங்காதும்மா. மூச்சு விடும். நமக்குக் காத்து எப்படியோ, அதுகளுக்கு ட்ரை. நம்ம காத்துப் பட்டாச் செத்துப்போகும்."

"காத்துப் பட்டாச் சாகறதா! அதென்ன பொழப்பு கண்ணு?"

"ட்ரைல மூணு குளோரின் ஒட்டிட்டிருக்கும். மூச்சு விடறப்ப ஒவ்வொண்ணாப் பிச்சுப் போடும். மூணும் போயிருச்சுன்னா வெசமில்ல."

"இப்ப எத்தன பிச்சிருக்குது?"

"ரெண்டு."

"அப்பக் கொஞ்சம் தேவலையா?"

"இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு மிச்சமிருக்கறதுதான் எல்லாத்தவிட மோசம். நேரா ஈரலுக்குப் போறது அதுதான்."

அம்மா அரிசி களைந்த கையை அப்படியே நிறுத்தினாள். "அப்பப் பாதில நிறுத்துனா?"

"பாதில நிறுத்தறதுக்குத் தொடாமயே விட்டிருக்கலாம்."

வேலை எளிதுதான். கீழே மூச்சு ஓடுகிறதா என்று மீட்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகை வாரா வாரம் குழாய் வழியாகக் கீழே விட வேண்டும். அதை வேறு சில கிருமிகள் தின்று புளிக்க வைத்து வாயு விடும். அந்த வாயுதான் நம் ஆட்களுக்குச் சோறு. அதைவிட முக்கியம், புதிதாக ட்ரை ஒரு சொட்டு கீழே போகக் கூடாது. போனால் அத்தனையும் புதுசுக்கு ஓடிவிடும். கடைசிக் குளோரினை எதுவும் திரும்பிப் பார்க்காது. சூடாக வடை போட்டால் பழைய சோற்றை யார் தொடுவார்கள்? இன்னும் ஒரு பத்து மாதம் ஒழுங்காகப் பாகு விட்டு, ட்ரை விடாமல் இருந்தால் போதும். எங்கள் போர்வெல் சீலை எடுத்துவிடுவார்கள். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அப்போதுதான் நாச்சிமுத்து கூப்பிட்டனுப்பினார்.

"உக்காரும்மா தமயந்தி." அந்த அறையில் என்னை யாரும் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது. "நம்ம தொழிலாளிக மூச்சுத் திணறிட்டிருக்காங்களாமே?"

"எந்தத் தொழிலாளிங்க சார்?"

"கீழ இருக்கறவங்கதான். ட்ரை தீந்துட்டே வருதில்ல? முழுசாத் தீந்துட்டா அவங்க கதி?"

"செத்துருமுங்க. வேற எதையும் அதுகளுக்கு மூச்சு விடத் தெரியாது."

"ம். வேலை செய்யற எடத்துல தொழிலாளிக்கு மூச்சுக்காத்து இல்லாமப் பண்றது புதுச் சட்டப்படி பெரிய குத்தம். அதனால கம்பெனி மனுப் போட்டிருக்குது. மாசம் பத்து டிரம் ட்ரை கீழ விட அனுமதி கேட்டு. மனிதாபிமான அடிப்படைல." கோர்ட் உத்தரவுக்கப்புறம் அழுக்கு ட்ரையைக் காசு கொடுத்து வெளியே அனுப்பி அழித்துக்கொண்டிருந்தார்கள்.

"மனிதாபிமானமா?"

"அதுக்கு வேற வார்த்தை சட்டத்துல இல்லம்மா, என்ன பண்றது?" அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "அவங்களுக்கு ஒரு பிரதிநிதி வேணும். மூச்சு மீட்டரப் படிக்கத் தெரிஞ்ச ஆளு நீதான். உம்பேரத்தான் குடுத்திருக்கறோம்."

"எங்க காலனிக்கு எதிரா நான் நிக்க மாட்டேன் சார்."

"காலனிக்கு எதிரான்னு ஏன் பாக்கற? கோடானுகோடித் தொழிலாளிகளுக்கு ஆதரவான்னு பாரு. உங்க காலனில எத்தனை வீடு? நூறு? நூத்திப் பத்து? எது பெருசு, நீயே சொல்லு. படிச்ச பொண்ணுதான நீ?"

அதுவரை என்னைப் படித்த பெண் என்று அந்தக் கம்பெனியில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை வரும்போது சொல்வார்கள் போலிருக்கிறது.

மனு போன இடம் உழைப்புயிர் நல அலுவலகம். அங்கே அலுவலர் ஞானப்பிரகாசம். வாங்குகிற ஆளாக இருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அவர் நிஜமாகவே நல்லவர். ஒரு கோயில் யானைக்குக் காலில் புண் என்று மூன்று நாள் கொட்டடியிலேயே படுத்திருந்தவர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தொழிலாளியானாலும் நேரில் முகத்தைப் பார்த்துக் குறை கேட்காமல் கோப்பில் கையெழுத்துப் போட மாட்டார். கழுதையானாலும் சரி. எங்களுக்கும் ஓலை வந்தது: 'மனுவில் கண்ட தொழிலாளர்கள் விசாரணைக்கு நேரில் ஆஜராக வேண்டும்.'

கண்காணிப்புக் குழாயிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். ரப்பர் அடைப்பு, மேலே அலுமினிய மூடி, ரப்பர் வழியாக உள்ளே இறங்கிய மீட்டர் கம்பி. ஒரு லிட்டரில் ஏறத்தாழப் பத்துக் கோடிப் பேர். கறுப்புத் துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கம்பெனி ஜீப்பில் போனேன்.

வாசலில் பியூன் டோக்கன் கட்டை எடுத்தார். "எத்தன பேரு?"

"பத்துக் கோடி."

அவர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "டோக்கன் அறுவதுதான் இருக்குது. ஒரே குரூப்புன்னு எழுதிக்கறேன், உள்ள போங்க."

உள்ளே நுழைந்ததும் ஞானப்பிரகாசம் எழுந்து நின்றுவிட்டார். எனக்காக இல்லை. "வாங்க, வாங்க" என்று கைகூப்பிவிட்டு, மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, துணியை விலக்கிப் பாட்டிலை அதில் வைக்கச் சொன்னார். இன்னொரு நாற்காலியில் நாச்சிமுத்து. நான் நின்றேன்.

"சாப்டீங்களா?" என்று பாட்டிலிடம் கேட்டார். காத்திருந்தார். "வேலைல ஏதாவது குறை இருக்குதுங்களா? பயப்படாமச் சொல்லுங்க."

பாட்டிலில் லேசாகக் கலங்கிய தண்ணீர். அது பாட்டுக்கு இருந்தது.

"ரொம்ப அமைதியா இருக்காங்களே" என்று என் பக்கம் திரும்பினார். "மெரட்டிக் கூட்டிட்டு வந்தாங்களாம்மா?"

"ஐயா, அவங்க கோரிக்கை மனுவுலயே தெளிவா..." என்று நாச்சிமுத்து ஆரம்பித்தார்.

"வக்கீல் சார், மொதலாளியோட வக்கீல் தொழிலாளிக்காகப் பேசுனா அத நான் எந்தப் பக்கத்துல எழுதறது?" ஞானப்பிரகாசம் குனிந்து மூடியைப் பார்த்தார். அலுமினியத்தைச் சுற்றிக் கம்பி போட்டு இறுக்கியிருந்தேன். அவர் முகம் மாறியது. "இதென்னம்மா, கம்பி போட்டுக் கட்டியிருக்குது? கட்டிப்போட்ட ஆள்கிட்ட வாங்கற வாக்குமூலம் செல்லாது. மொதல்ல தொறங்க."

"தொறந்தாச் செத்துருமுங்க சார். அதுகளுக்குக் காத்து ஆகாது."

அவர் என்னைத் திட்டவில்லை. வருத்தமாகப் பார்த்தார். "சூளைக்காரனும் இதேதாம்மா சொன்னான். 'கட்டை அவுத்துவுட்டா ரோட்டுக்கு ஓடி லாரில அடிபட்டுச் செத்துரும் சார்'னு. யானைக்காரனும் சொன்னான். அவுத்துவுட்டாச் செத்துரும்னு சொல்லாத மொதலாளிய நான் இன்னும் பாக்கல. இந்தப் படிச்ச பொண்ணையும் அப்படிச் சொல்ல வெச்சுட்டாங்க பாருங்க."

"தாராளமாத் தொறக்கட்டுங்க ஐயா" என்றார் நாச்சிமுத்து, காலை நீட்டிக்கொண்டு. "கம்பெனி ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கங்க. எங்களுக்கு ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல." அவர் சட்டம் படித்தவர். பாக்டீரியாவைப் பற்றிப் படிக்கவில்லை.

நான் சட்டத்தையும் படித்திருந்தேன். வேலையின்போது தொழிலாளி செத்தால், ஒவ்வொரு சாவுக்கும் தனித்தனியாக விசாரணை முடிகிற வரைக்கும் வேலை நடந்த இடத்தில் எதையும் உள்ளே விடவோ வெளியே எடுக்கவோ கூடாது. யானைப் பாகன்களுக்குப் பயந்து எழுதிய பிரிவு அது.

ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. கோப்பிலும் ஏறிவிட்டது. இரண்டாவது தடவை சொல்லியிருக்கலாம். பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தியிருக்கலாம். மூன்று வருடம் வாரா வாரம் நான் சோறு போட்ட ஆட்கள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

பியூன் கொறடு கொண்டுவந்தார். ஞானப்பிரகாசம் தன் கையாலேயே கட்டுக்கம்பியை அறுத்து, மீட்டர் கம்பியை உள்ளேயே விட்டு ரப்பரைப் பிடுங்கினார். அது போதாதென்று, "பாவம், புழுக்கமா இருக்கும்" என்று ஃபேனை ஐந்தில் வைத்தார்.

மீட்டரில் நானூற்றுப் பன்னிரண்டு என்றிருந்தது. முந்நூற்று எண்பது ஆனது. முந்நூறு.

"இப்ப சொல்லுங்க" என்றார் பாட்டிலிடம். "யாரும் இல்ல, நாங்கதான் இருக்கறோம்."

இருநூற்றுப் பத்து.

"அந்த நம்பர் என்னம்மா?"

"மூச்சுங்க சார்."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அதற்குள் தொண்ணூறு. "மூடு! மூடியப் போடு! எங்க மூடி?" மூடியைக் கையில் வைத்துக்கொண்டே மூடியைத் தேடினார். பியூன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது மீட்டரில் பூஜ்யம். சிலிண்டரும் முகமூடியுமாக ஓடிவந்த பையன் நாற்காலியில் இருந்த பாட்டிலைப் பார்த்துத் திகைத்து, "ஆக்சிஜன் வெக்கட்டுங்களா?" என்றான்.

"அதுலதான்யா செத்தாங்க" என்றார் ஞானப்பிரகாசம், தலையில் கைவைத்துக்கொண்டு.

நாச்சிமுத்து மெல்லச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தினமும் பார்க்கலாம் போலிருந்தது.

அன்றைக்கே கம்பெனியின் பின்பக்கமும் குழியும் குழாயும் பூமிக்குக் கீழே இருக்கிற பரப்பு முழுவதும் சீல் வைக்கப்பட்டன. பத்துக் கோடி மரண விசாரணை. ஒரு நாளைக்கு முப்பது கோப்பு முடித்தாலும் ஒன்பதாயிரம் வருடம் ஆகும். பாட்டிலைக் கவனக்குறைவாகக் கையாண்டதாகக் கம்பெனி என்னை வேலையிலிருந்து நிறுத்தியது. மீட்டரைப் பிடுங்கிக்கொண்டது. சரி, போகட்டும். ஒன்பதாயிரம் வருடத்துக்கு ஒரு சொட்டு ட்ரை கீழே போகாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "எதையும் உள்ள விடக் கூடாதுன்னா, பாகு?"

எம்.எஸ்ஸி. படித்த புத்தி அதுவரை அந்தப் பக்கம் போகவே இல்லை.

"சோத்த நிறுத்திட்டு வந்து சிரிக்கறயா?" என்றாள். "பாதில நிறுத்துனா என்ன ஆகும்னு நீதான சொன்ன? அந்தக் கடைசி ஒண்ணு?"

மண்ணுக்குக் கீழே கோடானுகோடிப் பேர் இன்னும் உயிரோடுதான் இருந்தார்கள், பட்டினியாக. எங்கள் தண்ணீரில் இருந்ததோ இருப்பதிலேயே மோசமான விஷம், அதே இடத்தில் நின்றுவிட்டது. கம்பெனி செய்ய நினைத்ததை நானே செய்து முடித்திருந்தேன். அன்று நானும் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் காலனிக்குள் மொட்டைத்தலையும் வெள்ளை வேட்டியுமாக ஒருவர் வந்தார். யாரென்று தெரியவில்லை. கிட்டே வந்தபின்தான் ஞானப்பிரகாசம் என்று தெரிந்தது. எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"எங்கையாலதாம்மா போனாங்க" என்றார். குரல் உடைந்திருந்தது. "நீ சொன்ன, நான் கேக்கல. அவங்க சொந்தபந்தம் யாருன்னு தெரிஞ்சா நேர்ல கால்ல விழுந்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நாங்கதானுங்க சொந்தம்."

"நீங்களா?"

"எங்க தண்ணிலதானுங்க குடியிருந்தாங்க. எங்களுக்காவத்தானுங்க ஒழைச்சாங்க. வேற யாரு இருக்கறாங்க அவங்களுக்கு? ஒரு கருமாதிகூடப் பண்ண வழியில்லாம சீல் வெச்சுட்டுப் போயிட்டீங்களே, இது நாயமுங்களா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

ஞானப்பிரகாசம் பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தார். அதில் இருந்தது: 'இறந்த தொழிலாளிக்கு இறுதிச்சடங்கு செய்யும் உரிமையை எந்த உத்தரவும் தடுக்காது.' சூளைக் கழுதைகளுக்காக அவரே போராடிச் சேர்த்த வரி. "பண்ணுங்கம்மா" என்றார். "பதினாறாம் நாள் பண்ணுங்க. மாசாமாசம் அமாவாசைக்கும் படைக்கலாம். எல்லாத்துக்கும் நான் எழுதித் தர்றேன். என்ன படைக்கறது? அவங்களுக்கு என்ன புடிக்கும்?"

"எம்பொண்ணக் கேளுங்க" என்றாள் அம்மா. "அவதான் சோறு போட்டவ."

"வெல்லத் தண்ணிங்க சார். நல்லாக் கெட்டியா. அப்புறம் பாலு."

"பானகம், பால்" என்று எழுதினார். "எவ்வளவு?"

"நூத்திப் பன்னெண்டு குடம்."

நிமிர்ந்து பார்த்தார். "பத்துக் கோடிப் பேராச்சுங்களே" என்றேன். "ஆமாமா" என்று எழுதிக்கொண்டார்.

பதினாறாம் நாள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குடம் வந்தது. போர்வெல் மூடியின் ஓரத்திலிருந்த சின்னக் குழாய்க்கு மட்டும் சீலை எடுத்தார்கள். முதல் குடத்தை ஞானப்பிரகாசம் ஊற்றினார். ஊற்றியதும் குழாயை அடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விலகி வர வேண்டும் என்று சடங்கில் நான் ஒன்று சேர்த்தேன். மேலே வருகிற வாயுவை யாரும் முகர்ந்துவிடக் கூடாது. சாவு வீட்டு வழக்கம் என்று எல்லோரும் கேள்வி கேட்காமல் செய்தார்கள்.

நாச்சிமுத்து கேமராவோடு வந்து நின்றார். "ஐயா, இது சடங்கு இல்லீங்க. உயிரோட இருக்கறதுகளுக்குத் தீனி போடறாங்க."

ஞானப்பிரகாசம் ஈரத் துண்டை உதறித் தோளில் போட்டார். "வக்கீல் சார், படையல்னு வெச்சா அத உயிரோட இருக்கறவங்கதான் திங்கறாங்க. எங்க வீட்லயும் அப்படித்தான். உங்க வீட்ல எப்படி?"

காலனியே சிரித்தது. ஒரு குடம் கைதவறி நாச்சிமுத்து ஷூவில் கொட்டியது. பாலாயிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன், பானகம்தான்.

மீட்டர் இல்லாமல் கீழே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டவள் அம்மா. அமாவாசைப் படையலுக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று பச்சை வாழைக்காய்ச் சீப்புகளை வாங்கி, பாதியைக் குழாய் ஓரம் கூடை கவிழ்த்து வைத்தாள், பாதியை வீட்டில் வைத்தாள். ரெண்டாம் நாள் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். குழாயடிச் சீப்பு மஞ்சள் மஞ்சளாகப் பழுத்திருந்தது. வீட்டுச் சீப்பு இன்னும் பச்சை.

"தமயந்தி, இதென்ன மாயம்?"

நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். "மாயமில்லம்மா. கடைசிக் குளோரினும் கழண்டுட்டா மிச்சம் நிக்கறது எத்திலீன். மண்டில காய் பழுக்க வெக்கறாங்களே, அதே வாயு. அது வெசமில்ல. கீழ வேலை நடக்குது."

"அப்ப பழத்தத் திங்கலாமா?"

"வேண்டாம். அத மட்டும் திங்க வேண்டாம்."

பதினோரு அமாவாசை படைத்தோம். காலனியில் வெல்லம் இல்லாமல் காபி குடிக்கப் பழகிவிட்டோம். குழாயடியில் காய் ரெண்டு நாளில் பழுத்தது. பிறகு மூன்று, நான்கு. பன்னிரண்டாவது அமாவாசைக்கு வைத்த சீப்பு வீட்டுச் சீப்போடு சேர்ந்தே ஏழு நாள் பச்சையாக இருந்தது. அதற்கு ரெண்டு அர்த்தம் உண்டு. விஷம் தீர்ந்திருக்கலாம், இல்லை, நம் ஆட்கள் பாதியிலேயே செத்திருக்கலாம். வாழைக்காய்க்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது. தீர்த்தம் என்று சொல்லிக் குழாயடித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு என் காலேஜ் லேபுக்குப் போனேன். மூன்று முறை பார்த்தார்கள். ட்ரை: கண்டறியப்படவில்லை. அடுத்தது: கண்டறியப்படவில்லை. கடைசி ஒன்று: கண்டறியப்படவில்லை. பஸ்ஸில் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அப்பா பெயர் எழுதிய டாக்டர் தாளும் இதே அளவுதான் என்று தோன்றியது. அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

குடிநீர்க்காரர்கள் வந்து தாங்களும் சோதித்து, போர்வெல் மூடியைக் கழற்றப் போன அந்த வாரத்தில்தான் ஞானப்பிரகாசமும் நாச்சிமுத்துவும் சேர்ந்தே வந்தார்கள். ஞானப்பிரகாசத்துக்கு முடி வளர்ந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு உத்தரவு.

"போராடி வாங்கிட்டேம்மா" என்றார். "செத்தவங்க திரும்ப வர மாட்டாங்க. ஆனா அவங்க வாரிசுக கீழ இருக்காங்கல்ல? அத்தனை பேருக்கும் கருணை அடிப்படைல நிரந்தர வேலை! கம்பெனி ஒத்துக்கிச்சு. ஒத்துக்கிட்டதால மரண விசாரணையும் முடிஞ்சுது, சீலும் எடுத்தாச்சு."

"என்ன வேலைங்க சார்?"

நாச்சிமுத்து பதில் சொன்னார், மிக மென்மையாக. "அவங்களுக்குத் தெரிஞ்ச வேலைதாம்மா. மொத பத்து டிரம் லாரில வந்துட்டிருக்குது."

ஞானப்பிரகாசம் பேனாவைத் திறந்து நீட்டினார். "பிரதிநிதி நீதான். ஒரே ஒரு வரிதான் பாக்கி. 'வாரிசுதாரர்கள் உயிருடன் உள்ளனர்'னு எழுதிக் கையெழுத்து."

அம்மா குடத்தோடு போர்வெல் பக்கம் வரிசையில் நின்றிருந்தாள். காலனியே நின்றிருந்தது.

"யாரும் உயிரோட இல்லீங்க சார்" என்றேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "யாருமேவா?"

"யாருமே."

"பொய்யிங்க ஐயா" என்றார் நாச்சிமுத்து. "ஒரு பாட்டில் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. உங்க வழக்கம்தானுங்களே, நேர்ல பாக்கறது?"

ஞானப்பிரகாசம் போர்வெல்லைப் பார்த்தார். "வேண்டாம்" என்றார். "நான் பாத்தது போதும். இந்தப் பொண்ணு சொன்னா எழுதிக்கறேன்." குனிந்து எழுத ஆரம்பித்தார். "எப்படி இறந்தாங்க?"

"மூச்சு விட ஒண்ணுமில்லாமங்க."

"யாரு காரணம்?"

நாங்கள்தான். குடம் குடமாகச் சோறு போட்டு, வேலை வாங்கி, மூச்சு தீரும்வரை கூடவே நின்றது நூற்றுப் பன்னிரண்டு வீடும்தான். அதைச் சொன்னால் இன்னொரு விசாரணை, இன்னொரு சீல். பாறை இடுக்கில் எங்காவது கொஞ்சம் பேர் இன்னும் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கக்கூடும். அது எனக்குத் தெரியும். அவர்களுக்குக் குரல் நான்தான்.

"வேலை முடிஞ்சுதுங்க சார். அதான்."

'இறப்புக்கான காரணம்: வேலை முடிந்தது' என்று எழுதி, அடியில் கோடு போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயர், இனிஷியலில் அப்பா, பக்கத்தில் எம்.எஸ்ஸி.

தெரு முனையில் ஹாரன் சத்தம் கேட்டது. நீல டிரம் அடுக்கிய லாரி சந்துக்குள் மூக்கை நுழைத்து நின்றிருந்தது. டிரைவர் தலையை நீட்டி, "எங்கீங்க எறக்கறது?" என்று கத்தினார். நாச்சிமுத்து காருக்குப் போனார். நான் வேண்டாமென்று கையை ஆட்டினேன். சந்தில் லாரி திரும்ப இடமில்லை. அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு லாரிக்குப் பின்னால் போய் நின்று, பக்கப் பலகையைத் தட்டினாள்.

"வரட்டும், வரட்டும், வரட்டும்... லெப்டுல ஒடிங்க, செவுத்துல இடிச்சா நான் பொறுப்பில்ல... ஆங், வரட்டும்... அப்படியே போயிருங்க."